சனம் கூகுளிடம் கேட்ட கேள்விகள்

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டதும் கிளிநொச்சிப் பக்கம் சனம் ஒரு கையில் மல்லித் தண்ணியும் மறு கையில் போனுமாக வைரஸ், நுரையீரல், நிர்ப்பீடனம் (நோய் எதிர்ப்புச் சக்தி) என்று தேடத் தொடங்கியது. ஏ.எல். உயிரியல் பிள்ளைகளின் பாடம், மாங்குளம் சந்திக் கதையாகிப் போனது.

உலகம் முழுக்க இதே கூத்துத்தான். மணம் தெரியவில்லை என்ற தேடல் அந்த மார்ச்சிலேயே பல நாடுகளில் ஏறிவிட்டது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது ஏப்ரலில்தான். குளோரோகுயின் கதை வேறு. மலேரியாக் காலத்தில் வன்னி வீடுகளில் கசப்புக்குப் பேர்போன அந்தக் குளிசையை டிரம்ப் புகழ்ந்ததும் தேடல் எகிறியது, ஆனால் கொரோனாவுக்கு அது உதவவில்லை என்று பரிசோதனைகள் பிறகு காட்டின.

தேடல் கூடினால் நோய் கூடியது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று. எதை எவ்வளவு தேடினார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் வரும் 100 என்ற எண், ஆட்களின் எண்ணிக்கை இல்லை, அந்தக் காலப்பகுதியில் தேடலின் உச்சம், அவ்வளவுதான். பயத்திலும் தேடுவார்கள், செய்தி பார்த்தும் தேடுவார்கள். இதே கூகுள் 2008இல் தேடலை வைத்துப் புளூக் காய்ச்சல் பரவலைக் கணிக்க வெளிக்கிட்டு, 2013 தொடக்கத்தில் உள்ளதைவிட இரு மடங்குக்கு மேல் காட்டி, 2015இல் கடையைச் சாத்தியது.

தமிழில் தேடினால் எனக்கு முதலில் வந்ததெல்லாம் ஆவி பிடிக்கிற வீடியோக்கள். இப்போது எப்படி, யாராவது தேடிப் பார்த்தீர்களா?