மரத்தளம் பதிக்குமுன் போட வேண்டிய கணக்கு

சென்னையில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில், ஏற்கெனவே இருந்த விட்ரிஃபைடு டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே எஞ்சினியர்டு மரத்தளம் (பிளைவுட்டின் மேல் அசல் மரத்தை ஒட்டிய பலகைகள்) பதித்தோம். பசையும் ஆணியும் தேவைப்படாத வகை அது. ஒரு பலகையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை மற்றொன்றின் விளிம்பிலுள்ள காடியில் (பள்ளத்தில்) சாய்வாக நுழைத்துக் கீழே அழுத்தினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஸ்வீடனின் வாலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் ஆகிய நிறுவனங்கள் 1990களில் கொண்டுவந்த இந்தப் பூட்டு முறையால் பதிக்கும் வேலை மிகவும் எளிதாகிவிட்டது. ஆனால் தளம் நெடுநாள் நிலைப்பது, பலகையைக் கையில் எடுப்பதற்கு முன்பு நாம் செய்யும் கணக்கைப் பொறுத்தது என்பதே என் உறுதியான கருத்து.

நாங்கள் வாங்கிய பலகையின் கனம் 14 மி.மீ.; மேலே 3 மி.மீ. ஓக் மரம், அதன் அடியில் பிளைவுட் அடுக்குகள். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நீளவாக்கில் ஏறக்குறைய மாறாமல், அகலவாக்கில்தான் உப்பும். பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு ரேகை குறுக்காக ஓடுவதால், ஓர் அடுக்கின் உப்பலை அடுத்த அடுக்கு இழுத்துப் பிடிக்கிறது. ஐப்பசி மழையின் ஈரமும் ஏ.சி.யின் வறட்சியும் மாறிமாறி வரும் கடலோர ஊருக்கு, முழுத் தேக்குப் பலகையைவிட இதுவே பொருத்தம். அப்படியும் அசைவு முற்றிலும் நின்றுவிடாது என்பதால், பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரமாவது படுக்கவைத்து, ஏ.சி.யை வழக்கம்போல் பயன்படுத்திப் பலகைகளைப் பழக்க வேண்டும்.

அடித்தளத்தின் சமமட்டத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2 மீட்டர் நீள மட்டப்பலகையை டைல்ஸ் மீது பல திசைகளில் வைத்துப் பார்த்தால், அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. பள்ளத்தின் மேல் பாலம்போல் நிற்கும் பலகை, ஒவ்வொரு முறை கால் படும்போதும் வளைந்து நிமிரும். நாளடைவில் பூட்டின் மெல்லிய உதடு முறிந்துவிடும். எங்கள் அறையில் ஜன்னலோரம் அப்படி ஒரு பள்ளம் இருந்ததால், பிரைமர் பூசி, லெவலிங் கலவை ஊற்றி, நன்கு காயவிட்டோம். தரைத்தளத்து வீடாக இருந்தால், தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் கரையானையும் முதலில் கவனிக்க வேண்டும்.

அடுத்தது அகலக் கணக்கு. அறையின் அகலம் 3,100 மி.மீ.; மரம் விரிவதற்காக இரு சுவர்களிலும் 10 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 3,080. பலகையின் அகலம் 190 என்பதால், 16 முழு வரிசைகள் போனபின் கடைசியில் 40 மி.மீ. கீற்றுதான் நிற்கும். அவ்வளவு ஒல்லியான கீற்று பூட்டில் சரியாக நிற்காது, பார்வைக்கும் அழகில்லை. ஆகவே ஒரு முழுப் பலகையின் அகலத்தை அந்தக் கீற்றுடன் கூட்டிப் பாதியாக்கி, முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 115 மி.மீ.யாக அறுத்து, நடுவில் 15 முழு வரிசைகளை வைத்தோம்.

பதிக்கும்போது பாலித்தீன் விரிப்பு, அதன் மேல் 2 மி.மீ. ஃபோம், பிறகு பலகைகள். முதல் வரிசையின் நாக்குப் பக்கத்தை அறுத்துச் சுவரோரம் வைத்து, இடையில் ஆப்புகளைச் செருகிக்கொள்ள வேண்டும். அடுத்த பலகையைச் சாய்த்து நுழைத்து அழுத்தும்போது ‘டக்’ என்ற ஓசை கேட்கும். அதோடு விடாமல் இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பார்ப்பது நல்லது. நகம் சிக்கினால் பூட்டு முழுமையாக விழவில்லை என்று பொருள். அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு இணைப்புகளுக்கு இடையே 300 மி.மீ.யாவது தள்ளல் இருக்க வேண்டும்.

நேரம் பிடித்தது கதவோரம்தான். தளம் 16 மி.மீ. உயர்வதால் கதவின் அடியைத் தச்சர் இழைத்துக் கொடுத்தார். கதவு நிலையைச் சுற்றிப் பலகையை வளைத்து வெட்டுவதற்குப் பதிலாக, துண்டுப் பலகையை ஃபோம் மீது அளவுக்கு வைத்து, ரம்பத்தை அதன்மேல் படுக்கவைத்து நிலையின் அடியை அறுத்தோம். பலகை அதற்குள் நுழைந்து மறைந்தது, விரிவதற்கான இடமும் உள்ளேயே கிடைத்தது. சுவரில் பொருத்திய அலமாரியின் அடியில் தளத்தைக் கொண்டுபோகவில்லை, ஏனெனில் விரிந்து சுருங்கும்போது இந்தத் தளம் முழுவதுமாக நகர வேண்டும். சுவரின் அடியோரப் பட்டையான ஸ்கர்ட்டிங்கையும் சுவரோடு மட்டுமே ஒட்டினோம்.

வாளி நீரில் நனைத்துத் துடைக்கும் நம் வீட்டு வழக்கம் இதற்கு ஆகாது. நன்றாகப் பிழிந்த துணி போதும். மீந்த பலகைகளில் சிலவற்றை, பின்னாளில் மாற்ற நேர்ந்தால் நிறம் பொருந்துவதற்காக, பரணில் எடுத்துவைத்திருக்கிறோம்.