அந்தத் தலைப்பில் விட்டுப்போன சொல்

2021 அக்டோபர் 26. நாளிதழின் விளையாட்டு டெஸ்கில் எனக்கு மதிய ஷிஃப்ட். துபாயில் டி20 உலகக் கோப்பை, தென்னாப்பிரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும். டாஸ் போட வந்த தென்னாப்பிரிக்காவின் கறுப்பினக் கேப்டன் பவுமா, சொந்தக் காரணங்களால் வெள்ளையின விக்கெட் கீப்பர் டி காக் ஆடவில்லை என்றார். காரணம் சீக்கிரமே வெளியே வந்துவிட்டது. இனவெறிக்கு எதிராக எல்லா வீரர்களும் மண்டியிட்டே ஆக வேண்டும் என்று தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வாரியம் திடீரென உத்தரவு போட்டிருக்கிறது; அவர் விலகிவிட்டார்.

'மண்டியிட மறுத்தார் டி காக்' என்று தலைப்பு வைத்தேன். கோபத்தோடுதான் வைத்தேன். அதற்கு முந்தைய வருடம் மக்காயா நிடினி சொன்னது மனதில் இருந்தது. தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்டில் 390 விக்கெட் எடுத்த கறுப்பின வேகப்பந்து வீச்சாளர். அணிப் பேருந்தில் அவர் பின்னால் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்களாம். அதனால் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடியே போவாராம். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு நிமிடம் மண்டியிட என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த பயிற்சி நிருபர் மூன்று நாள் முந்தைய படத்தைத் திரையில் காட்டினான். அபுதாபியில் ஆஸ்திரேலியாவுடன் ஆடியபோது எடுத்தது. சிலர் மண்டியிட்டிருந்தார்கள், சிலர் முஷ்டியை உயர்த்தியிருந்தார்கள், சிலர் நேராக நின்றிருந்தார்கள். "அண்ணே, அன்னிக்கு யாரையும் யாரும் கேக்கலையே. இன்னிக்கு உத்தரவு வந்ததாலதானே இது நியூஸ்? தலைப்புல அது வேணாமா?" என்றான். இடம் இல்லை என்று சொல்லிப் பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டி காக்கின் அறிக்கை வந்தது. மொழிபெயர்த்தது நான்தான். மன்னிப்புக் கேட்டிருந்தார். சொல்லப்பட்ட விதத்தில் தன் உரிமை பறிபோனதாக உணர்ந்தேன் என்றும் எழுதியிருந்தார். தன் சிற்றன்னை கறுப்பினத்தவர், சகோதரிகள் கலப்பினத்தவர் என்ற வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நான் இனவெறியன் இல்லை என்று நிரூபிக்க ஒரு மனிதன் தன் வீட்டுப் பெண்களைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியைக் கேட்டவர்களில் என் தலைப்பும் உண்டு.

அக்டோபர் 30, ஷார்ஜாவில் இலங்கைக்கு எதிராக அவர் மண்டியிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மனம் மாறியதா, பணிந்ததா, சக வீரர்களுக்காகச் செய்ததா? ஒன்றும் தெரியவில்லை. அபுதாபிப் படத்தில் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்றாவது தெரிந்தது.

2020-இல் அணியின் கறுப்பின வேகப்பந்து வீச்சாளர் லுங்கி நிகிடி, 'கறுப்பர் உயிரும் முக்கியம்' (Black Lives Matter) என்ற இனவெறி எதிர்ப்பு இயக்கம் பற்றி அணி பேச வேண்டும் என்றார். முன்னாள் வீரர்கள் சிலர் பகிரங்கமாகவே அவரைச் சாடினார்கள். யாரும் உத்தரவு போடாமல், தன் மனதில் பட்டதைச் சொன்னதால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு கனம். அதை உத்தரவாக்கினால் கனம் போய்விடும் என்பதே இன்று என் எண்ணம். பக்கத்தில் நிற்பவன் மண்டியிடாதபோது பவுமாவுக்கோ நிகிடிக்கோ வலிக்காது என்று சொல்லவில்லை. வலிக்கும். அதை அவர்கள் முகத்துக்கு நேராகக் கேட்கட்டும், மண்டியிடாதவர் பதில் சொல்லட்டும். வாரியம் பார்க்க வேண்டிய இடம் வேறு: அணித் தேர்வு, ஓய்வறை, நிடினி ஏற மறுத்த அந்தப் பேருந்து.

'மண்டியிட உத்தரவு: டி காக் விலகல்.' எண்ணிப் பார்த்தேன், தலைப்புக்கான அந்த இடத்தில் இது சரியாக அடங்கியிருக்கும்.