மாடித் தக்காளி காய்த்துவிட்டது

கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் மொட்டை மாடிக் குரோபேக்குகளில் தக்காளி காய்க்கத் தொடங்கிவிட்டது! ரகம் பி.கே.எம். 1, பெரியகுளத்தில் உருவானது. மழை ஓய்ந்து தை பிறந்ததும் நட்ட நாற்றுகள். எங்கள் ஊருக்கு அதுதான் பருவம் என்பேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர் அழுகிவிடும். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும்.

செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் கலந்த பை. நாற்றின் தண்டைச் சற்று ஆழமாகவே புதையுங்கள், புதைந்த இடமெல்லாம் வேர்விடும்.

காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் மருந்து தேடி ஓடாதீர்கள். அது பூச்சியோ பூஞ்சையோ அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தாலும், ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. தினமும் சீராகத் தண்ணீர் விடுங்கள்.

காலையில் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் மகரந்தம் அதே பூவுக்குள் உதிர்ந்து காய் பிடிக்கும். அம்மா இதை ஒருநாளும் தவறவிடுவதில்லை.

இந்த ரகம் ஹைப்ரிட் (கலப்பினம்) அல்ல, அதனால் விதை எடுக்கலாம். நன்கு பழுத்த சிலவற்றை விதைக்கென்றே விட்டிருக்கிறேன். கடலூர், புதுச்சேரி நண்பர்கள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எடுத்துவைக்கிறேன்.