எல்க் வேட்டைக்குக் குண்டைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் எனும் பெரிய மானை வேட்டையாடச் செல்லத் தொடங்கிய முதல் ஆண்டில், இலக்குத் தாளில் 100 கஜத் தொலைவிலிருந்து மூன்று குண்டுகளை ஓர் அங்குல வட்டத்துக்குள் போடும் தோட்டாதான் வேட்டைக்கும் சிறந்தது என்று நம்பினேன். நான் வாங்கியது சிறிய மான்களுக்கென்று மெல்லிய செப்பு உறையுடன் செய்யப்பட்ட குண்டு. அது மிகத் துல்லியமானதுதான். ஆனால் 60 கஜத்தில் நின்ற ஓர் ஆண் எல்க்கின் தோள் எலும்பில் பட்டதும் அது நொறுங்கிப்போனது. அதன் துகள்கள் நுரையீரல் வரை செல்லவில்லை. ஏறத்தாழ நான்கு மணி நேரம் இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து, பொழுது சாயும் வேளையில்தான் இரண்டாவது குண்டால் அதன் வேதனையை முடித்தேன். முன்னூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒரு விலங்கு என் அறியாமையால் பட்ட அந்த நான்கு மணி நேரத் துன்பம்தான் குண்டுகளைப் பற்றி என்னைப் படிக்க வைத்தது.

நாம் பேச்சில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, தீப்பொறி தரும் மூடி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. அவற்றில் விலங்கைத் தொடுவது குண்டு மட்டுமே. ஆயிரக்கணக்கான டாலருக்குத் துப்பாக்கியும் தொலைநோக்கியும் வாங்குபவர்கள் அந்தக் குண்டைக் கடை அலமாரியில் மலிவானதாகப் பார்த்து எடுப்பது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

எனக்கு நேர்ந்தது புதிதல்ல. 1946-இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் எனும் மிகப் பெரிய மானை வேட்டையாடச் சென்றபோது, சேறு காய்ந்து இறுகிய தோலின் மீது மிக அருகிலிருந்து சுட்ட அவருடைய குண்டுகள் ஆழமாக உட்புகாமல் சிதைந்துபோயின. அவர் வைத்திருந்தது .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்ற வலிமையான தோட்டாவைச் சுடும் துப்பாக்கி. குறை வேகத்தில் இல்லை, குண்டில் இருந்தது. அவர் வகுத்த தீர்வு எளிமையானது: குண்டின் நடுவே ஒரு செப்புத் தடுப்பை வைத்தார். முன் அறையில் உள்ள ஈயம் காளான்போல் விரிந்து அகன்ற காயத்தை உண்டாக்கும்; பின் அறையில் உள்ள ஈயம் தடுப்பின் பாதுகாப்பில் சிதையாமல் உள்ளே தள்ளிக்கொண்டே போகும். அடுத்த ஆண்டே அந்தக் குண்டை அவர் மூஸ் வேட்டையில் சோதித்து வெற்றி கண்டார். 1948-இல் அதை விற்க நிறுவனமும் தொடங்கினார். பார்ட்டிஷன் என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது.

வேட்டைக் குண்டு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும் என்பதை இந்த வடிவமைப்பு தெளிவாகக் காட்டுகிறது. விரியாத குண்டு சிறு துளையிட்டு மறுபுறம் வெளியேறிவிடும். விலங்கு நெடுந்தூரம் ஓடிச் சாகும். கொலராடோ சட்டம் பெரிய விலங்குகளுக்கு விரியும் குண்டுகளை மட்டுமே அனுமதிப்பது இதனால்தான். மிகையாக விரியும் குண்டோ தோளிலேயே முடிந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைத் தீர்மானிப்பது குண்டின் கட்டமைப்பும், அது விலங்கில் படும் நேரத்து வேகமும் ஆகும். குழலின் வாயில் நொடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படும் 180 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 11.7 கிராம் எடையுள்ள குண்டு, 400 கஜத்தைத் தாண்டும்போது அந்த வேகத்தில் ஏறத்தாழ கால் பங்கை இழந்திருக்கும். ஆகவே 50 கஜத்தில் உடையாததும் 300 கஜத்தில் விரிவதுமான குண்டையே நான் தேடுகிறேன். அதற்கு அப்பால் நான் சுடுவதில்லை.

ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டவைக்கும் குண்டுகளும் நல்லவையே. பார்ன்ஸ் நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய எக்ஸ் குண்டு, ஈயமே இல்லாமல் முழுக்கச் செம்பினால் ஆனது. முனையிலுள்ள குழி நான்கு இதழ்களாக விரிய, எடை ஏறத்தாழ முழுதும் எஞ்சுகிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளை முற்றிலும் தடை செய்திருக்கிறது. விலங்குகளின் எச்சங்களில் சிதறிக் கிடக்கும் ஈயத் துகள்களைத் தின்று கலிஃபோர்னியா கான்டர் கழுகுகள் நஞ்சேறி இறந்ததே அதற்குக் காரணம். 1982-இல் உலகில் 22 கான்டர்களே எஞ்சியிருந்தன. தடை இல்லாத மாநிலத்தில் வாழ்ந்தாலும், அந்த இறைச்சியை என் குழந்தைகளும் உண்கிறார்கள் என்பதால் ரைஃபிளில் நான் செம்புக்கு மாறிவிட்டேன்.

ஆனால் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே எடையில் செப்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும் என்பதை ஆல்ஃபிரட் கிரீன்ஹில் 1879-லேயே சூத்திரமாக வகுத்திருந்தார். பழைய துப்பாக்கியின் புரிகள், அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்புறம் வெட்டப்பட்ட சுருள் வரிகள், மெதுவாகச் சுற்றினால் செப்புக் குண்டு தாளில் பக்கவாட்டாகவும் துளையிடக்கூடும். எனவே ஒரே பெட்டி தோட்டாவை வாங்கித் திருப்தியடையாமல், இரண்டு மூன்று எடைகளைச் சொந்தத் துப்பாக்கியில் சோதித்துப் பார்க்க வேண்டும். 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தாலே எனக்குப் போதும். எல்க்கின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஓர் அடிக்குக் குறையாத அகலம் கொண்டது. அதற்கு மேல் அரை அங்குலத் துல்லியத்துக்காக உறுதியை விட்டுக்கொடுப்பது தவறு என்பது என் முடிவு.

குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் இடும் மசில்லோடர் துப்பாக்கியில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நம் மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுவதன் உறவுதான் இது. கொலராடோவில் செப்டம்பரில் இதற்கெனத் தனிப் பருவம் உண்டு. அப்போது தொலைநோக்கியும், குண்டைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையான சேபாட்டும் அனுமதிக்கப்படுவதில்லை. எல்க்குக்குக் குழலின் விட்டம் குறைந்தது அரை அங்குலம் இருக்க வேண்டும். இங்கே குண்டின் வேகம் குறைவு என்பதால் மென்மையான தூய ஈயம் நொறுங்குவதில்லை. மேலும், மென்மையாக இருந்தால்தான் அது மருந்தின் அழுத்தத்தில் விரிந்து புரிகளைக் கவ்வும். நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்த முதியவர் சொல்வார். கெட்டிக் கலவையில் வார்த்த குண்டு புரிகளைச் சரியாகப் பிடிக்காமல் கண்டபடி போகும். ஆகவே இங்கு உறுதி என்பது எடையிலும் நீளத்திலும் கிடைக்கிறது. அரை அங்குலக் குழலுக்கான உருண்டைக் குண்டு சுமார் 177 கிரெயின்தான். அதே குழலுக்கான கூம்புக் குண்டு அதைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் எடையுள்ளது. துணி சுற்றிய உருண்டைக்கு 48 முதல் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று எனும் மெதுவான புரிகளும், கூம்புக் குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற வேகமான புரிகளும் பொருந்தும். இதைக் கவனியாமல் குழல் ஒன்றும் குண்டு ஒன்றுமாக வாங்கிவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்பவர்கள் பலர்.

சேபாட் அனுமதிக்கப்படும் மாநிலங்களில் வேட்டையாடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. அதனுள் வைக்கப்படும் கைத்துப்பாக்கிக் குண்டுகள் பல, கைத்துப்பாக்கியின் வேகத்துக்கே வடிவமைக்கப்பட்டவை; இன்றைய மசில்லோடர் தரும் கூடுதல் வேகத்தில் அவை அருகிலேயே சிதறக்கூடும். அது என் முதல் எல்க்கின் தோளில் நடந்ததேதான்.

கடந்த பருவத்தில் 80 கஜத்தில் சுட்ட எல்க் முப்பது அடிகூட நடக்கவில்லை. மறுபக்கத் தோலுக்கு அடியில் தட்டையாக விரிந்து கிடந்த கூம்புக் குண்டைக் கழுவித் தராசில் வைத்தேன். 385 கிரெயினில் 371 எஞ்சியிருந்தது.