மடக்குக் கத்தியின் இறுகிய திருகுகள்

மடக்குக் கத்தியின் திருகு அசைய மறுத்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் துருவல்ல, தயாரிக்கும்போதே மரையில் இடப்படும் பசைதான். துருவுக்கு உதவும் ஊடுருவும் எண்ணெய் இந்தப் பசையிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை; அதை இளக்குவது வெப்பமே. ஆனால் லைட்டரின் சுடரைக் காட்டினால் நைலான் பிடி உருகும், மரப்பிடி கருகும் என்பதால், சூடான சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலைமீது மட்டும் அரை நிமிடம் வைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் திருப்பிப் பார்ப்பதே பாதுகாப்பான வழி. ஒரே முறையில் இளகாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் மீண்டும் சூடேற்றுங்கள்.

அதற்கு முன்பு, தலையின் பள்ளத்தில் படிந்த அழுக்கை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, டி6, டி8 போன்ற டார்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திர வடிவத் திருப்புளி) அளவுகளில் எது ஆட்டமின்றி அடிவரை பொருந்துகிறதோ அதையே பயன்படுத்த வேண்டும். மலிவான திருப்புளிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் முனை முறுக்கிக்கொண்டு பள்ளத்தையும் சிதைத்துவிடும், அதன்பின் எந்த உபாயமும் எளிதில் கைகொடுக்காது. அலகை மடக்கி, திருகைச் சுற்றியுள்ள பிடியின்மீது காகித நாடா ஒட்டிவிட்டால், கை வழுக்கினாலும் கீறல் விழாது.

அலகு சுழலும் அச்சுத் திருகு மட்டும், திருப்பத் திருப்ப வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கலாம். அப்போது மறுபக்கத் தலையை இன்னொரு திருப்புளியால் அசையாமல் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும்.