காலண்டர் காட்டிக்கொடுத்த தலைவலி

எட்டு வருஷம் இதைச் சைனஸ் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இடது புருவத்துக்கு மேலே தொடங்கும் வலி கண்ணுக்குப் பின்னால் இறங்கும், மூக்கும் லேசாக ஒழுகும். மும்பை செம்பூரில் நான் பார்த்த இரண்டு டாக்டர்களும் சைனஸ் என்றுதான் சொன்னார்கள், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கண்ணாடி பவரும் மாற்றியாயிற்று. "தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட ரயில் ஏறினா நீர் கோத்துக்காம என்ன செய்யும்?" என்று அம்மா திருச்சியிலிருந்து போனில் சொல்வாள். ஆவி பிடிக்க நொச்சி இலை தேடி மாட்டுங்கா மார்க்கெட் வரை போயிருக்கிறேன். நான் தலைக்குக் குளிக்கும் நாட்கள் எவை என்று மட்டும் அம்மாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலை ஹார்பர் லைன் ரயிலில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்குப் போகும்போது லேடீஸ் டப்பாவில் யாரோ வைத்திருந்த மல்லிகைப்பூ வாசனையே குமட்டியது. ஜன்னல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. வடாலாவில் இறங்கி வாந்தி எடுத்தேன். கூட வேலை பார்க்கும் மராத்திப் பெண்தான் முதலில் பெயர் சொன்னாள்: "இது அர்தஷிஷி, நரம்பு டாக்டரைப் பார்." நம் ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன்.

பரேலில் பார்த்த நரம்பியல் டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை கொடுத்தார். மூன்று மாதம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். சமையலறையில் கேஸ் சிலிண்டர் வந்த தேதி எழுதும் காலண்டரிலேயே குறித்தேன். மாதவிடாய் நாளுக்குச் சிவப்பு வட்டம், தலைவலி நாளுக்கு நீலப் பெருக்கல்குறி, மாத்திரை போட்டால் அதன் கீழே ஒரு புள்ளி. மூன்றாவது மாதத் தாளைப் புரட்டியபோது டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நீலமெல்லாம் சிவப்பைச் சுற்றியே நின்றது.

மாதவிடாய்க்குச் சற்று முன்னால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் அளவு சட்டென்று இறங்கும், அந்த இறக்கம்தான் தூண்டிவிடுகிறது என்று விளக்கினார். இரண்டு நாள் முன்பிலிருந்து மூன்றாம் நாள் வரைக்குள், மூன்று சுழற்சியில் இரண்டிலாவது வந்தால் அதை மாதவிடாய் சார்ந்த மைக்ரேன் என்று கணக்கிடுவார்களாம். மைக்ரேனிலும் மூக்கு ஒழுகலாம் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

புள்ளிகளையும் எண்ணினார். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே உள்ள ட்ரிப்டான் வகையை 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் அதுவே தினசரித் தலைவலியாக மாறிவிடுமாம். எனக்கு 11 புள்ளி. மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்குவதை அன்றோடு நிறுத்தினேன்.

வலிக்கு சுமாட்ரிப்டான் 50 மி.கி. எழுதினார். இதய நோய் உள்ளவர்களுக்கு இதைத் தரமாட்டார்கள் என்பதால் முதலில் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். முதல் மாதம் பலனே இல்லை. காரணம் நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாந்தி தொடங்கிய பிறகு போட்டேன். அந்த நேரத்தில் வயிறு மாத்திரையை ஒழுங்காக உறிஞ்சாதாம். அடுத்த மாதம் வலி லேசாகத் தலைகாட்டியதுமே போட்டேன், ஒரு மணி நேரத்தில் எழுந்து தோசை வார்த்தேன். ஆனால் இந்த வகை வலிக்கு மறுநாள் திரும்பி வரும் குணம் உண்டு. வந்தது.

அதனால் மூன்றாவது முறை போனபோது முறையை மாற்றினார். எனக்குச் சுழற்சி தவறாமல் 28 நாள். எனவே தேதிக்கு இரண்டு நாள் முன்பிருந்து நாப்ராக்ஸன் என்ற வலி மாத்திரை 500 மி.கி., காலை இரவு சாப்பாட்டுக்குப் பின், ஆறு நாள். அல்சர், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், குழந்தை பெறும் எண்ணம் என்று வரிசையாக விசாரித்த பிறகே எழுதினார். என் அளவைப் பார்த்து இன்னொருவர் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் கோடு, வளைந்து நெளியும் வெளிச்சம் தெரிகிறதா? இதை ஆரா என்கிறார்கள். ஆரா உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும், பக்கவாத ஆபத்து கூடும் என்றார். எனக்கு இல்லை. என் தங்கைக்கு இருக்கிறது. சுழற்சி சரியில்லை என்று அவள் அந்த மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். எழுதிக்கொடுத்தவர் தலைவலி பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். அன்றிரவே போன் செய்தேன். மறுநாள் டாக்டரைப் பார்த்து, ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு மாத்திரைக்கு மாறினாள். பெண்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்க எத்தனை நொடி ஆகும்? இன்றும் அந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை.

முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாதம் மூன்று நாள் இருட்டறையில் படுத்திருந்தவள், இப்போது பாதி நாள் படுக்கிறேன். ஒரு மாதம் தேதி ஐந்து நாள் தள்ளிப்போய்க் கணக்கே தப்பியது, அந்த முறை பழையபடி வலித்தது. மாமியார் "எனக்கு அது நின்னப்புறம்தான்டி தலைவலியும் நின்னுது" என்று சொன்னார். பலருக்கு அப்படித்தான் ஆகுமாம். எனக்கு வயது 37.

இந்த மாதச் சிவப்பு வட்டம் 19ஆம் தேதியில் இருக்கிறது. 17 காலை, இட்லி சாப்பிட்டதும் முதல் மாத்திரை.