ஆடிட் ஆபீஸ் ஃபைல்களை வெளியிலிருந்து திறக்க நாங்கள் பிடித்த வழி

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணக்கு வேலையோடு கம்ப்யூட்டர், நெட்வொர்க் பொறுப்பும் என்னிடம்தான். பார்ட்டிகளின் (எங்களிடம் கணக்குப் பார்க்கக் கொடுப்பவர்களின்) பான், ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட், பத்திர நகல், சம்பளப் பட்டியல், டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா என்று எல்லாமே ஆபீஸில் ஒரு நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க்கில் மாட்டிய பொதுச் சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. ஆர்ட்டிகிள் பிள்ளைகள் (சிஏ படிப்புக்காக இங்கே பயிற்சி எடுப்பவர்கள்) பாதி நாள் பெருந்துறையிலும் பவானியிலும் சென்னிமலையிலும் பார்ட்டி இடத்திலேயே உட்கார்ந்து ஆடிட் பார்ப்பார்கள். செப்டம்பர் நெருங்கினால் எங்கள் ஆடிட்டர் சாரும் இரவில் வீட்டிலிருந்து ஃபைல் பார்க்க வேண்டியிருக்கும். அதுவரை எல்லாம் பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பேலன்ஸ் ஷீட் நாலு லேப்டாப்பில் நாலு விதமாகக் கிடக்கும். எது கடைசியாகத் திருத்தியது என்று தேடுவதே தனி வேலை. "இதுக்கு ஒரு வழி பண்ணும்மா" என்றார் சார்.

முதலில் கூப்பிட்டது வழக்கமாக வரும் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரை. "ரவுட்டர்ல போர்ட் ஓபன் பண்ணிவிட்டா அரை மணி நேர வேலைங்க மேடம்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட கதவு மாதிரி. ரவுட்டரில் அதைத் திறந்துவிட்டால் இணையத்தில் இருக்கும் யாரும் வந்து தட்டலாம். விண்டோஸ் ஃபைல் ஷேரிங் ஓடுவது 445 என்ற போர்ட்டில். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) உலகம் முழுக்கப் பரவியது அந்த ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் திருத்தம் கொடுத்திருந்தும், போடாதவர்கள் மாட்டினார்கள். சரி, நாஸின் சொந்த வெப் பக்கத்தை மட்டும் திறக்கலாமா என்றால், 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரான்சம்வேர் க்யூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களை 7-ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி, 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் அதே மாதிரி டெட்போல்ட் வந்தது. இந்த நிரல்கள் பெரிய கம்பெனி, சின்ன ஆபீஸ் என்று பார்ப்பதில்லை. ஐபி எண்களை, அதாவது இணைய முகவரிகளை, வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும், திறந்திருக்கும் இடத்தில் நுழையும்.

மற்ற வழிகளையும் பார்த்தேன். ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி-யில் பாஸ்வேர்டே மறைக்கப்படாமல் போகிறது, அதை அப்போதே ஒதுக்கிவிட்டேன். மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி பாதுகாப்பானதுதான், ஆனால் எக்செலை நேராகத் திறந்து சேமிக்கும் வசதி பிள்ளைகளுக்குக் கிடைக்காது. கருவிகளுக்கிடையே ஃபோல்டரை ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க்திங் எனக்குப் பிடித்த மென்பொருள், காசும் இல்லை. ஆனால் ஃபோல்டர் முழுக்க ஒவ்வொரு லேப்டாப்பிலும் நகலாக உட்காரும். பஸ்ஸில் ஒரு லேப்டாப் பை தொலைந்தால் அதோடு எத்தனை குடும்பத்தின் கணக்கு போகும்! எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றுவது நல்ல வழிதான். இரண்டு பேர் இருக்கும் ஆபீஸ் என்றால் அதையே எடுத்திருப்பேன். எங்களுக்கு டேலியும் பல வருடத்து ஸ்கேன் ஃபைல்களும் இருப்பதால் ஒத்துவரவில்லை.

விலை கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பெட்டியில் எல்லாம் ஆகும் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் ஆட்கள் உள்ளே வருவது ஒரு தேவை. பார்ட்டிக்கு ஒரு ஃபைல் கொடுப்பதும் வாங்குவதும் வேறு தேவை. முதல் ஆளை நமக்குத் தெரியும், அவர் லேப்டாப்பை நாமே தயார்செய்து கொடுக்கலாம். இரண்டாமவர் எந்த மென்பொருளும் போட மாட்டார். அதனால் இரண்டுக்கும் தனித்தனி வழி என்று முடிவு செய்தேன்.

ஊழியர்களுக்கு விபிஎன் (இணையத்தின் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் மறைகுறியாக்கப்பட்ட தனிப் பாதை), அதிலும் வயர்கார்ட் என்ற வகை. 2020-ல் வந்த லினக்ஸ் 5.6 முதல் இது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி. சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே தராது, அங்கே ஒன்று இருக்கிறது என்பதே வெளியில் தெரியாது. மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) 100.72 என்று தொடங்கியது. பிரவுசரில் என் ஐபி என்ன என்று பார்த்தால் முற்றிலும் வேறு எண். 100.64 முதல் 100.127 வரையான எண்கள் இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி-யைப் பங்கிட்டுக் கொடுக்கும்போது பயன்படுத்துபவை, சிஜிநாட் என்பார்கள். அந்த நிலையில் வெளியிலிருந்து யாரும் நம் ரவுட்டரை எட்டவே முடியாது. நிலையான ஐபி-க்கு இணைய நிறுவனத்தைக் கேட்டால் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பதில், ஒவ்வொரு விலை.

அதனால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவைக்குப் போனேன். அடியில் ஓடுவது வயர்கார்ட்தான். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசி ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்வதால் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. ஆபீஸுக்கு எதிரே உள்ள பேக்கரியில் உட்கார்ந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் சோதித்தேன். டெயில்ஸ்கேல் பிங் என்ற சோதனைக் கட்டளை கொடுத்ததும் முதல் வரிகள் பெங்களூரு ரிலே (இடையில் நின்று கடத்திவிடும் சர்வர்) வழியாக வந்தன, அப்புறம் நேரடி இணைப்பாக மாறியது. ரிலே வழியாகப் போனாலும் உள்ளே இருப்பது மறைகுறியாக்கப்பட்டதுதான், இடையில் இருப்பவர்களால் படிக்க முடியாது.

நிறுவியதோடு விட்டுவிடக் கூடாத இடங்கள் சில உண்டு. தொடக்க அமைப்பில் எல்லாக் கருவியும் எல்லாக் கருவியோடும் பேசலாம். அதை மாற்றி, பிள்ளைகளின் லேப்டாப் நாஸின் 445 போர்ட்டையும், டேலிக்காக ஆபீஸ் கம்ப்யூட்டரின் ரிமோட் டெஸ்க்டாப்பையும் மட்டும் தொடும்படி விதி எழுதினேன். சாவிகள் 180 நாளில் காலாவதியாகும். லேப்டாப்புக்கு அது நல்லது. நாஸுக்கு மட்டும் அதை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு காலையில் ஆபீஸே காணாமல் போகும். நுழைவது கூகுள் கணக்கு வழியாக என்பதால் எல்லாருக்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினோம்.

டேலியை மட்டும் இந்த வழியில் ஃபோல்டராகத் திறக்க விடவில்லை. ஃபைல் ஷேரிங் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் போய்ப் போய் வரும், தூரத்திலிருந்து பொறுமை சோதிக்கும் வேகம். எழுதும் நேரத்தில் இணைப்பு அறுந்தால் டேட்டாவே கெடலாம். அதனால் விபிஎன்னுக்குள் வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரையை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்து, அங்கேயே டேலி ஓட்டுகிறார்கள். அதற்கு அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ப்ரோ வேண்டும், ஹோம் பதிப்பு உள்ளே வர விடாது.

பார்ட்டிகள் பக்கம்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிளவுடில் தனியாக ஒரு கணக்கு, ஆளுக்கொரு லிங்க். லிங்குக்குப் பாஸ்வேர்டும் காலக்கெடுவும் உண்டு. பாஸ்வேர்டைப் போனில் சொல்வோம், லிங்கோடு சேர்த்து அனுப்ப மாட்டோம். அவர்கள் ஏற்றுவதை அடுத்த பார்ட்டி பார்க்க முடியாது.

"ஏனுங்க, வாட்ஸ்அப்புலயே போட்டுட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டார் தறி வைத்திருக்கும் ஒரு பெரியவர்.

"உங்க ஆதாரு இப்ப எத்தனை பேரு போன்ல கிடக்குதுன்னு உங்களுக்கே தெரியாதுங்கண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். லாகின் எதுவும் கேட்காமல் போட்டோ ஏறியதைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்.

சாரிடம் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினேன். போதிய பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கிளவுட் கணக்குக்கான காசை அவர் மறுபேச்சில்லாமல் ஒதுக்கினார்.

ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்து போகிறவரின் லேப்டாப்பைப் பட்டியலிலிருந்து நீக்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டேன். திறந்திருந்த ஃபோல்டர் அங்கேயே நின்றுபோனது. நாஸ் தினமும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு) எடுக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி, சார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அதிலிருந்து ஒரு பார்ட்டி ஃபோல்டரையாவது திரும்ப எடுத்துப் பார்க்கும் வேலை இந்த மாத ஜிஎஸ்டி முடிந்ததும் இருக்கிறது.